முறிந்த முதுகெலும்பை முதுமை என்கிறோம்

முதுகு வளைந்த மூதாட்டியை நம் ஊரில் யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. வயதானால் கூன் விழும், உயரம் குறையும், இடுப்பு வலிக்கும் என்று வீட்டார் சொல்கிறார்கள். அவரும் அப்படியே நம்பிவிடுகிறார். அந்த வளைவுக்குள் பல நேரங்களில் இரண்டு மூன்று முள்ளெலும்புகள் நொறுங்கிக் கிடக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஓர் எலும்பு முறிவு. கை முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோம். இடுப்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சைக்கு ஓடுகிறோம். முதுகில் முறிந்தால் தைலம் தேய்த்துப் படுக்க வைக்கிறோம்.

டெல்லியில் 50 வயதைக் கடந்த சுமார் 800 ஆண்கள், பெண்களின் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2012-இல் வெளியானது. பெண்களில் 17 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ஒரு முள்ளெலும்பாவது முறிந்திருந்தது. அதாவது ஆறு பேரில் ஒருவர். ஆண்களிடமும் ஏறத்தாழ இதே அளவுதான் இருந்தது. அவர்களுடைய முறிவுக்கான காரணங்கள் தனியே எழுதப்பட வேண்டியவை. இங்கே பேச்சு மாதவிடாய் நின்ற பெண்களைப் பற்றியது. அவர்களின் எலும்புக்குள் குறிப்பிட்ட ஒரு காலகட்டத்தில், ஏன் என்று நன்றாகத் தெரிந்த ஒரு காரணத்தால் இழப்பு வேகமெடுக்கிறது. தெரிந்தும் அந்தக் காலகட்டத்தில் நாம் எதையும் செய்வதில்லை.

அடர்த்தி குறைந்து எலும்பு வலுவிழக்கும் எலும்புப்புரை நோய் உள்ள பெண்ணுக்கு முதுகெலும்பு முறிய என்னென்ன காரணம் என்று மருத்துவ நூலைப் புரட்டினால் நீண்ட பட்டியல் கிடைக்கும். வயது, சீக்கிரம் நின்ற மாதவிடாய், மெலிந்த உடல், ஸ்டீராய்டு, புகை, மது, பெற்றோருக்கு ஏற்பட்ட இடுப்பு முறிவு என்று அது நீளும். அந்தப் பட்டியலில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது ஒன்று உண்டு: ஏற்கெனவே முறிந்த முள்ளெலும்பு. அடுத்து யாருக்கு முறியும் என்பதற்கு மிகப் பெரிய தடயம், யாரும் கவனிக்காமல் விட்ட முதல் முறிவுதான். நம் பொதுச் சுகாதாரத்தின் பார்வையில் இது இன்னும் விழவே இல்லை.

எலும்புக்குள் நடப்பது

முள்ளெலும்பு தொடையெலும்பைப் போலக் கெட்டியான குழாயாக இருப்பதில்லை. மெல்லிய ஓட்டுக்குள் தேன்கூடு போன்ற ஒரு வலைப்பின்னல். பழைய எலும்பு கரைவதும் புதியது உருவாவதும் இந்த வலைப்பின்னலில்தான் மிக வேகமாக நடக்கின்றன. இரண்டையும் சமன்செய்து வைத்திருப்பதில், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரும் பங்கு. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் கரைவது கூடுகிறது. உருவாவது அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. முதல் 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் சில பெண்கள் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை இழந்துவிடுகிறார்கள். வலைப்பின்னலின் குறுக்கு இணைப்புகள் மெலிந்து அறுகின்றன. குறுக்குப் பிடிப்பை இழந்த நெடுக்குக் கம்பிகள் பாரம் தாங்காமல் வளைகின்றன. ஒருநாள் எலும்பின் முன்பக்கம் அமுங்கி ஆப்பு வடிவமாகிறது. முதுகு முன்னோக்கிச் சாய்வது அந்த ஆப்பினால்தான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஃபுல்லர் ஆல்பிரைட் 1940-களின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். எலும்பு நொறுங்கி அவரிடம் வந்த, 65 வயதுக்கு உட்பட்ட நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள். வயதைக் காரணமாகச் சொல்லிக் கடந்துபோகாமல் சினைப்பையின் சுரப்பை அவர் காரணமாகக் காட்டினார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் வீடுகளில் இன்னும் வயதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வயதுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. எலும்பு அடர்த்தி ஒரே அளவில் உள்ள 55 வயதுப் பெண்ணையும் 75 வயதுப் பெண்ணையும் ஒப்பிட்டால், மூத்தவருக்கே முறிவு அபாயம் கூடுதல். எலும்பின் தரம், தசையின் வலு, நடையின் உறுதி எல்லாம் வயதோடு சரிகின்றன. ஆனால் இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 அளவில்தான் இருக்கிறது. மேற்கு நாடுகளில் 51. ஈஸ்ட்ரோஜனின் காவல் நம் பெண்களுக்கு நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே போய்விடுகிறது. மேற்கத்தியப் பெண்களுக்காக எழுதப்பட்ட பரிந்துரைகளில் 65 வயதில் பரிசோதனை என்று இருப்பதை அப்படியே இங்கே பின்பற்றினால் நாம் எவ்வளவு காலம் தாழ்த்துகிறோம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

முதல் முறிவு

மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை உள்ள பெண்களைப் பின்தொடர்ந்த மருந்து ஆய்வுகளின் தரவைத் திரட்டி 2001-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வெளியானது. புதிதாக ஒரு முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள் இன்னொன்றும் முறிந்திருந்தது. பத்தாண்டில் நடக்கக்கூடிய அபாயம் என்று சொன்னால் தள்ளிப் போடலாம்; இது ஓராண்டுக் கணக்கு. முதல் முறிவு நடந்த அந்த ஆண்டுதான் மருந்து மிக அவசரமாகத் தேவைப்படும் ஆண்டு. முள்ளெலும்பு முறிந்தவருக்கு அடுத்த முள்ளெலும்பு முறியும் அபாயம் நான்கைந்து மடங்கும், இடுப்பு முறியும் அபாயம் சுமார் இரு மடங்கும் உயர்கின்றன.

அப்படியானால் முதல் முறிவை ஏன் கவனிக்காமல் விடுகிறோம்? பெரும்பாலான முறிவுகளுக்கு விழுவதே தேவையில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது, பேரக்குழந்தையைக் குனிந்து தூக்கும்போது, கட்டிலை நகர்த்தும்போது, சில வேளைகளில் பலமாக இருமும்போதுகூட எலும்பு அமுங்கிவிடும். அடிபடாமல் எலும்பு எப்படி முறியும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருப்பதால் அது சுளுக்கு அல்லது இடுப்புப் பிடிப்பு என்று பெயர் பெறுகிறது. வலி முதுகிலிருந்து விலாவைச் சுற்றி வயிற்றுக்கு வந்தால் வாயு என்கிறார்கள். வயிற்றுப்புண் மாத்திரை தருகிறார்கள். ஆறேழு வாரத்தில் வலி தணிகிறது. சிலருக்கு வலியே வருவதில்லை. உலக அளவில் முள்ளெலும்பு முறிவுகளில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மருத்துவரின் கவனத்துக்கு வருகிறது.

வலி போனாலும் தடயம் போவதில்லை. இளவயதில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உயரத்தை எழுதிவைக்கும் பழக்கம் நம் பெண்களிடம் இல்லை. ஆனால் வேறு அளவுகோல்கள் அவர்களிடம் இருக்கின்றன. முன்பு சரியாக இருந்த புடவை இப்போது தரையில் புரள்கிறது, கொசுவத்தை மேலே ஏற்றிச் செருக வேண்டியிருக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கலாம். அலமாரியின் மேல்தட்டு எட்டவில்லை என்பார்கள். சுவரில் முதுகை ஒட்டி நின்றால் தலையின் பின்பக்கம் சுவரைத் தொடுவதில்லை. விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே இரண்டு விரல்கூட நுழைவதில்லை. இரண்டு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடல் சுருங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடமில்லாமல் போவதால் வரும் துன்பங்கள் இவை. இவற்றுக்காக இதய மருத்துவரிடமும் குடல் மருத்துவரிடமும் அலைந்து செலவழித்த குடும்பங்கள் எத்தனையோ!

மருத்துவமனைக்கு வந்த பிறகும் தவறவிடுகிறோம் என்பதுதான் கூடுதல் வேதனை. அமெரிக்காவில் வேறு காரணங்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்பட்ட, 60 வயதைக் கடந்த 934 பெண்களின் படங்களை மறுபடி பார்த்த ஆய்வு 2000-இல் வெளியானது. 132 பேருக்கு நடுத்தரம் அல்லது கடுமையான முள்ளெலும்பு முறிவு இருந்தது. அவர்கள் வீடு திரும்பியபோது நோய்க்குறிப்பில் அது எழுதப்பட்டிருந்தது 17 பேருக்கு மட்டுமே. படம் எடுத்தாகிவிட்டது, முறிவு படத்தில் இருக்கிறது, ஆனால் எல்லோரும் நுரையீரலை மட்டும் பார்த்திருக்கிறார்கள். கரோனா காலத்தில் நம் நாட்டில் ஏராளமான மூத்த பெண்களுக்கு நெஞ்சு சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் முதுகெலும்பு தெளிவாகத் தெரிந்திருக்கும். பக்கவாட்டுத் தோற்றத்தில் அதை ஒருமுறை பார்த்து ஒரு வரி எழுதச் சில நிமிடங்கள் போதும். ஸ்கேன் படிக்கும் மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் எழுதினார்கள். இந்தக் கேள்வியையும் அவர்களிடம் கேட்க வேண்டும் என்ற விதி நம்மிடம் இல்லாததுதான் குறை.

எண் மட்டும் போதாது

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது. பயனுள்ள வரையறைதான். ஆனால் அது ஒரு வாசற்கதவு போல ஆகிவிட்டது: எண் அதற்குக் கீழே இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வீட்டுக்கு. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த மிகப் பெரிய ஆய்வொன்றில், ஓராண்டுக்குள் எலும்பு முறிந்தவர்களில் 82 சதவீதம் பேரின் டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஐவிட மேலேதான் இருந்தது. அந்த ஆய்வின் அளவுகள் முதுகிலோ இடுப்பிலோ எடுக்கப்படாமல் குதிகால், முன்கை, விரல் ஆகியவற்றில் எடுக்கப்பட்டவை என்பதைக் கணக்கில் கொண்டாலும் செய்தி மாறவில்லை. அடர்த்தி மிகக் குறைந்தவர்களுக்கு ஆபத்து அதிகம்; ஆனால் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் நடுவில் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 65 வயதைத் தாண்டிய பெண்ணின் கீழ்முதுகில் தேய்மானத்தால் எலும்புத் துருத்தல்கள் வளர்ந்திருக்கும். அமுங்கி நொறுங்கிய எலும்பும் ஸ்கேனில் அடர்த்தியாகவே தோன்றும். ஆகவே முறிந்த முதுகு, அளவில் நல்ல முதுகாகக் காட்டக்கூடும். முள்ளெலும்பு முறிந்த பெண்ணிடம் டெக்ஸா நன்றாக இருக்கிறது, கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது தவறு.

பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் தலைமையில் உருவாகி 2008-இல் வெளியான 'ஃபிராக்ஸ்' கணிப்பான் இந்தக் குறையை ஓரளவு சரிசெய்தது. வயது, எடை, உயரம், முந்தைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகை, மது, ஸ்டீராய்டு, முடக்குவாதம் ஆகியவற்றைக் கேட்டு அடுத்த பத்தாண்டின் அபாயத்தைச் சொல்லும். டெக்ஸா இல்லாமலும் அதைப் பயன்படுத்தலாம். இந்தியாவுக்கான பதிப்பும் உண்டு; சிங்கப்பூரில் வாழும் இந்தியர்களின் முறிவு விகிதங்களிலிருந்து அது கட்டப்பட்டது. நம் நாட்டின் சொந்தத் தரவு அதில் ஏறும் நாள் வரவேண்டும். முந்தைய முறிவுக்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் அது கேட்கிறது. முறிந்தது ஒன்றா நான்கா, நடந்தது போன மாதமா பத்தாண்டு முன்பா என்று பார்ப்பதில்லை. ஸ்டீராய்டின் அளவையும் கேட்பதில்லை. அந்த இடத்தில் மருத்துவரின் அனுபவம்தான் பேச வேண்டும்.

ஸ்டீராய்டு என்னும் அவசரம்

பட்டியலில் நாமாகவே வரவழைத்துக்கொள்ளும் ஆபத்துகளில் முதன்மையானது ஸ்டீராய்டு. முடக்குவாதம், ஆஸ்துமா, தோல் நோய், சிறுநீரக நோய் எனப் பலவற்றுக்கு அது உயிர்காக்கும் மருந்து. அதைப் பழிக்க முடியாது. ஆனால் எலும்பு இழப்பு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது, அதிலும் முள்ளெலும்பைத்தான் முதலில் தாக்குகிறது. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டீராய்டு நோயாளிகளின் பதிவேடுகளை அலசிய 2000-ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாளொன்றுக்கு 2.5 முதல் 7.5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் எடுத்தவர்களுக்கு முள்ளெலும்பு முறிவு அபாயம் இரண்டரை மடங்கு. அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு ஐந்து மடங்கு. மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு எழுதும் மருத்துவர், அதே சீட்டில் எலும்பைக் காக்கும் மருந்தைப் பற்றியும் முடிவெடுத்தாக வேண்டும். பல சீட்டுகளில் அது இருப்பதில்லை.

சீட்டே இல்லாத ஸ்டீராய்டும் உண்டு. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மூட்டுவலிக்கு என்று பெயர்கூட அச்சிடாத பொட்டலங்களில் விற்கப்படும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பும். வயல்வேலைக்குப் போக வேண்டிய பெண் அதை விடமாட்டார். அவர் குற்றவாளி இல்லை; வலியோடு வேலைக்குப் போகிறவருக்கு வேறு என்ன கொடுத்தோம்? ஆனால் இத்தகைய மருந்தைத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எடுத்துவிடப்பட்ட கர்ப்பப்பைகள்

சீக்கிரம் நிற்கும் மாதவிடாயைப் பற்றி மருத்துவ நூல்கள் இயற்கை நிகழ்வைப் போல எழுதுகின்றன. இந்தியாவில் அதை அப்படி எழுத முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருக்கிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இது 8 சதவீதத்தைத் தாண்டுகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் தொழிலாளிப் பெண்களைப் பற்றி 2019-இல் அரசு அமைத்த குழு, விசாரித்த 82,000-க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000-க்கும் அதிகமானோர் கர்ப்பப்பையை இழந்திருப்பதைக் கண்டது. மாதவிலக்கு நாட்களில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடிக்கப்படும் என்ற நிலைமையே இவர்களில் பலரை அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளியது.

கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் 35 வயதுப் பெண்ணும் மறுநாளே மாதவிடாய் நின்ற பெண்ணாகிவிடுகிறார். இயற்கையாகப் படிப்படியாக நடக்கும் இறக்கம் அவருக்கு இல்லை. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை சற்று முன்னதாகவே ஓய்ந்துவிடக்கூடும். 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்ற பெண், மற்றவர்கள் 65 வயதில் காணும் எலும்பை 55-இலேயே காண நேரிடலாம். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றங்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கு பெண்களின் உரிமை பற்றியது. அதில் அவர்களின் முதுகெலும்பும் அடங்கியிருக்கிறது என்பதை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அறுவைச் சிகிச்சை நடந்த மருத்துவமனை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கும் தாளில், சினைப்பை எடுக்கப்பட்டதா இல்லையா என்று தெளிவான தமிழில் எழுதித் தந்தாலே பாதிக் குழப்பம் தீரும். இருபது ஆண்டு கழித்து முதுகுவலியோடு வரும்போது, எதை எடுத்தார்கள் என்று சொல்லத் தெரியாமல் நிற்கும் பெண்கள் ஏராளம்.

வெயில் உள்ள ஊரில்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நாளமில்லாச் சுரப்பியல் துறை மருத்துவர்கள், வேலூர்ப் பகுதியைச் சேர்ந்த, 50 வயதைக் கடந்து மாதவிடாய் நின்ற 150 பெண்களிடம் நடத்திய ஆய்வை 2008-இல் வெளியிட்டார்கள். நடமாடிக்கொண்டிருந்த பெண்கள்தான் இவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு முதுகிலோ இடுப்பிலோ எலும்புப்புரை இருந்தது. பாதிக்கும் சற்று மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் டி போதவில்லை. வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஊரில் இருப்பதும் வெயில் தோலில் படுவதும் ஒன்றாகாது. அடர்ந்த நிறத் தோலுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். புடவை உடலை மூடுகிறது. வீட்டு வேலை நிழலில் நடக்கிறது.

கால்சியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. சோறு, குழம்பு, ரசம், இரண்டு வேளைக் காபியில் கலந்த சிறிது பால் என்று வாழும் பெண்ணுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பது கடினம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளிலும், முள்ளோடு தின்னும் நெத்திலியிலும் நிறைய உண்டு. நம் பாட்டிகள் உண்ட களியும் கூழும் எலும்புக்கு நல்ல உணவு.

அதே நேரம், கால்சியம் மாத்திரை தின்றால் எலும்பு முறியாது என்ற நம்பிக்கையையும் கைவிட வேண்டும். அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட, மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2006-இல் வெளியானபோது, கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்த குழுவில் முள்ளெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. சிறுநீரகக் கல் கூடியது. பற்றாக்குறை இருந்தால் அதை ஈடுசெய்ய வேண்டும். முறிவு கண்ட எலும்புக்கு அது மட்டும் சிகிச்சையாகாது. எலும்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லும் பெண்களில் பெரும்பாலோர் சாப்பிடுவது கால்சியத்தை மட்டும்தான்.

குனிதலும் பேருந்தும் யோகாவும்

எலும்பு மெலிந்திருப்பது பாதிக் கதை. மெலிந்த எலும்பின் மேல் விழும் பாரம் மீதிக் கதை. இடுப்பை வளைத்து முன்னே குனிந்து எடையைத் தூக்கும்போது முள்ளெலும்பின் முன்விளிம்பில் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் துணி துவைப்பதும் வாசல் பெருக்குவதும் நம் பெண்களுக்கு வாழ்நாள் முழுவதும் குனிந்தே நடக்கும் வேலைகள். நீண்ட காம்புள்ள துடைப்பம், மேடை மேல் வைத்த துவைகல், குடத்துக்குப் பதில் வீட்டுக்குள் குழாய் ஆகியவை எலும்பு மருத்துவத்தின் பகுதிகள். ஜல் ஜீவன் திட்டக் கணக்கில் ஒரு வீட்டுக்குக் குழாய் இணைப்பு கிடைத்ததென்றால், அந்த வீட்டு மூதாட்டியின் முதுகுக்கும் கிடைத்தது என்று நான் எண்ணிக்கொள்வேன்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நடந்து 1984-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இன்னும் பேசப்படுகிறது. முதுகில் எலும்புப்புரை கொண்ட 59 பெண்களைப் பிரித்து, சிலருக்கு முன்குனியும் பயிற்சிகளையும் சிலருக்கு முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சிகளையும் கொடுத்தார்கள். குனிந்த குழுவில் 89 சதவீதம் பேருக்குப் புதிய முறிவு. நிமிர்ந்த குழுவில் 16 சதவீதம் பேருக்கு. எண்ணிக்கை சிறியது என்பதால் இந்தச் சதவீதங்களை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் திசை தெளிவானது. பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம், ஹலாசனம் போன்றவை எலும்புப்புரை உள்ள பெண்ணுக்கு ஏற்றவையல்ல. காலைப் பூங்காவில் மூத்த பெண்களுக்கு யோகா சொல்லித்தரும் நல்ல மனம் கொண்டவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகு நிமிர்த்தும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், நடையும், சமநிலைப் பயிற்சியும் அவர்களுக்கு நல்லது.

பேருந்தின் கடைசி இருக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேகத்தடையைப் பேருந்து வேகமாகக் கடக்கும்போது பின்சக்கரத்துக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் தூக்கி எறியப்பட்டு இருக்கையில் விழுகிறார். அப்படி விழுந்து மார்புக்கும் இடுப்புக்கும் சந்திப்பான முள்ளெலும்பு நொறுங்கியவர்களைப் பற்றித் துருக்கி, சிலி உள்ளிட்ட நாடுகளின் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் சாலைகளில் வேகத்தடைகளின் உயரத்திலும் எண்ணிக்கையிலும் யாரும் வரம்பைப் பின்பற்றுவதாகத் தெரியவில்லை. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்த பிறகு மூத்த பெண்கள் அதிகம் பயணிக்கிறார்கள், மகிழ்ச்சிக்குரிய மாற்றம். அவர்களுக்கான இருக்கைகள் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இருக்கட்டும்.

இவை தவிர, அளவுக்கு மேல் எடுக்கப்படும் தைராய்டு மாத்திரை, மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் லெட்ரோசோல் போன்ற மருந்துகள், வலிப்பு மருந்துகள், நீரிழிவு, நீண்டநாள் வயிற்றுப்புண் மாத்திரை ஆகியவையும் எலும்பைப் பாதிக்கின்றன. நீரிழிவு உள்ளவரின் எலும்பு, டெக்ஸா காட்டுவதைவிடப் பலவீனமானது. தூக்க மாத்திரையும் மங்கிய பார்வையும் வழுக்கும் குளியலறையும் விழ வைக்கின்றன.

மருந்து இருக்கிறது

முள்ளெலும்பு முறிவைத் தடுக்க மருந்து இல்லை என்றால் இவ்வளவு எழுதுவதற்குப் பொருள் குறைவு. மருந்து இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஏற்கெனவே முறிவு கண்ட பெண்களில் அலெண்ட்ரோனேட் மாத்திரை புதிய முள்ளெலும்பு முறிவை ஏறத்தாழ பாதியாகக் குறைப்பதை 1996-இலேயே நிறுவினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் மூன்றாண்டுகளில் 70 சதவீதம் குறைத்ததை 2007-இல் காட்டினார்கள். கடுமையாக நொறுங்கியவர்களுக்கு எலும்பை வளர்க்கும் டெரிபாரடைட் ஊசியும் உண்டு. இவை இந்தியாவில் தயாராகின்றன. அலெண்ட்ரோனேட்டைக் காலை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் பயன் போய்விடும். மருந்தோடு இதையும் சொல்லி அனுப்புவது யார் பொறுப்பு?

டெனோசுமாப் ஊசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இது மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் அடுத்த ஊசியைத் தவறவிட்டால், அடக்கிவைத்த எலும்புக் கரைவு வெள்ளமெனத் திரும்பி, ஒரே நேரத்தில் பல முள்ளெலும்புகள் முறிந்துவிடக்கூடும். முன்பே முறிவு கண்டவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பணம் இல்லை, ஊருக்குப் போய்விட்டேன் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நிறுத்துவதென்றால் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டே நிறுத்த வேண்டும். அடுத்த ஊசிக்கு வரமுடியுமா என்று உறுதியாகத் தெரியாத ஏழைப் பெண்ணுக்கு இதைத் தொடங்கும் முன் மருத்துவர் பலமுறை யோசிப்பதே நல்லது.

முதுகில் முறிவு தெரிந்தால் எல்லாமே எலும்புப்புரை என்றும் எண்ணிவிடக் கூடாது. காசநோயும், பல்கிப் பெருகும் மைலோமா என்னும் ரத்தப் புற்றும், வேறிடத்திலிருந்து பரவிய புற்றும் முள்ளெலும்பைத் தகர்க்கும். காய்ச்சல், எடை குறைவு, இரவில் கூடும் வலி, காலில் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடின்மை ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அரசு செய்யக்கூடியவை

தமிழ்நாட்டில் 2021-இல் 60 வயதைக் கடந்தோர் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்று கணிக்கப்பட்டது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள்; இயன்முறை மருத்துவரும் வருகிறார். அவர்கள் கொண்டுவரும் பையில் ஓர் அளவு நாடா சேர்ந்தால் போதும். 50 வயதைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணின் உயரத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை அளந்து எழுதுவதும், மாதவிடாய் எப்போது நின்றது, கர்ப்பப்பை எடுத்தாயிற்றா, ஸ்டீராய்டு சாப்பிடுகிறாரா, எலும்பு முறிந்ததுண்டா, அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா என்று கேட்பதும் சில நிமிட வேலை. ஓராண்டில் 2 சென்டிமீட்டர் குறைந்தால் எக்ஸ்ரேவுக்கு அனுப்ப வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு எடுக்கப்படும் எந்த நெஞ்சு, வயிற்று ஸ்கேன் அறிக்கையிலும் முதுகெலும்பைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பிக்கலாம். இதற்குப் புதிய இயந்திரமோ புதிய நிதியோ வேண்டியதில்லை. எலும்பு முறிந்து வருகிறவர்களை அடுத்த முறிவிலிருந்து காக்கவென்றே ஒரு செவிலியரை நியமித்துத் தொடர்ந்து கண்காணிக்கும் முறையை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1990-களின் இறுதியில் தொடங்கினார்கள். இப்போது பல நாடுகளில் நடக்கிறது. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பியல் துறைகளில் இதைத் தொடங்கத் தடை எதுவும் இல்லை. மருந்துகளை மொத்தமாக வாங்கி விலை குறைக்கும் கலையைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களிலிருந்தே நாட்டுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. அலெண்ட்ரோனேட்டும் சோலெட்ரோனிக் அமிலமும் ரத்த அழுத்த மாத்திரையைப் போல எளிதாகக் கிடைக்கச் செய்வது அரசால் முடிந்த காரியம்.

50 வயதைக் கடந்த பெண்ணுக்கு விபத்தின்றி முள்ளெலும்பு முறிந்திருக்கிறது, காசநோயோ புற்றோ இல்லை என்று உறுதியானால், எலும்புப்புரைச் சிகிச்சையைத் தொடங்க அதுவே போதும். டெக்ஸா எண் வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் அம்மாவுக்கோ மாமியாருக்கோ எப்போதாவது எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேவோ ஸ்கேனோ பழைய கோப்பில் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள். இதில் முதுகெலும்பு முறிந்திருக்கிறதா என்று கேளுங்கள்.